வலைப்பூவுக்கு வந்த மொய்

ஒரே பாயில் இரண்டு பேர் ஒன்றரை வருஷம் படுத்தோம். ஒருநாளும் சேர்ந்து படுத்ததில்லை. அவர் பகல் ஷிப்ட் என்றால் நான் இரவு ஷிப்ட். வாரம் மாறினால் இரண்டு பேரும் இடம் மாறுவோம். சென்னைக்கு வெளியே மண்ணூரில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளில் எங்களுடையது கடைசி. ஐந்து பேருக்கு மூன்று பாய். ஆள் அதிகம், பாய் குறைவு என்று யாரும் சண்டை போட்டதில்லை. எப்படியும் பாதிப்பேர் வேலையில்தானே இருப்போம்.

ஒரகடத்தில் காருக்கு சீட்டு செய்கிற கம்பெனியில் ஒப்பந்த வேலை. என்னோடு பாயைப் பங்குபோட்ட அண்ணன் பரமக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். ஊரில் மனைவியும் ஒரு பெண்குழந்தையும். நான் சாத்தூர்ப் பக்கம். அவர் என்னை 'அப்பு' என்பார். எங்கள் பேச்சு முழுக்க ஷிப்ட் பஸ்ஸின் படிக்கட்டில் நடந்தது. ஒருவர் இறங்குவோம், ஒருவர் ஏறுவோம், நடுவில் ஒரு வாக்கியம்.

"அப்பு, ரசம் இருக்கு. மூடி போடல, பல்லி பாத்துக்க."

"தண்ணி வரலண்ணே."

"என்னைக்கு வந்துச்சு?"

அவ்வளவுதான். மீதி வாக்கியத்தை ஞாயிற்றுக்கிழமைதான் கேட்க முடியும். மற்ற நாட்களில் நான் அவரை அறிந்தது பாயின் சூட்டால். வேலை முடிந்து வந்து படுத்தால் அவர் உடம்புச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியும் இருக்கும், இப்போதுதான் எழுந்து போய்விட்ட மாதிரியும் இருக்கும்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஒரு கோளாறு. யாராவது வாய்க்கு வந்ததை அழகாகச் சொல்லிவிட்டால் அதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருநாள் அந்த அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும்போது, "தூங்குறவனுக்குத்தாம்ப்பு ஒரகடம் பக்கம். முழிச்சிருக்கிறவனுக்கு அது பரமக்குடிய விட தூரம்" என்றார். அன்று வேலை முழுக்க அந்தப் பேச்சு என் வாயிலேயே ஊறிக்கொண்டிருந்தது. லைனில் பக்கத்தில் நின்றவன் காதில் பஞ்சு வைத்திருந்தான். அறைக்கு வந்தால் எல்லோரும் தூக்கம். யாரிடம் சொல்ல?

இப்படித்தான் வலைப்பூ ஆரம்பித்தேன். இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் என்று ஞாபகம். தமிழில் ஊருக்குப் பத்துப் பேர் எழுதிக்கொண்டிருந்த காலம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர். அதில் மூலை மிஷினில் மட்டும் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியும். கடைக்காரரைக் கெஞ்சி நானே அதைச் சரிசெய்து வைத்திருந்தேன். மற்ற மிஷின்களில் தமிழ் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், பள்ளிக்கூடத்துக் கணக்கு நோட்டு மாதிரி. இரவு ஷிப்ட் வாரங்களில் மத்தியானம் எழுந்ததும் ஷேர் ஆட்டோவில் போய் மூலையில் உட்கார்ந்துவிடுவேன். பஸ்ஸில் கேட்டது, கேன்டீனில் கேட்டது, டீக்கடையில் கேட்டது எல்லாம் எழுதுவேன். எல்லா வலைப்பூக்களையும் ஒரே இடத்தில் காட்டும் திரட்டியில் சேர்த்தால் இரண்டு பேர் வந்து 'மீ த பர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, படிக்காமலே ஓடிப்போவார்கள். அதற்கே எனக்கு வயிறு நிறையும்.

காசு ஆசை அப்புறம் வந்தது. கம்பெனியில் யாரையும் நிரந்தரம் பண்ண மாட்டார்கள், பேட்ச் பேட்சாகக் கழற்றிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் பேட்சுக்கு இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. கழற்றிவிட்டால் சாத்தூரில் மாமாவின் தீப்பெட்டி ஆபீஸ்தான். அங்கே எனக்குப் பேச்சே கிடையாது. மாமா பேசுவார், நான் தலையாட்டணும். அதற்குள் வலைப்பூவில் மாசாமாசம் ஏதாவது வந்தால் அறை வாடகையைக் கட்டிக்கொண்டு இங்கேயே எழுதிக்கொண்டு கிடக்கலாம் என்று கணக்குப் போட்டேன். வலைப்பூவில் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறார்கள் என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதியவர்களில் யார் சம்பாதித்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

முதல் விளம்பரதாரர் எங்கள் மெஸ் அக்கா. உள்ளூர்க்காரர். கல்லாவில் உட்கார்ந்தபடியே, "இன்னாபா, கம்ப்யூட்டர்ல இன்னான்னாவோ எழுதிகினு கீறியாமே? நம்ம மெஸ்ஸயும் போடேன்" என்றார். போட்டேன். காலையில் என்ன, மத்தியானம் என்ன, புதன்கிழமை முட்டை உண்டு, போன் நம்பர், எல்லாம் விவரமாக. அந்த மாதம் முழுக்க எனக்கு இட்லிக்குக் காசு வாங்கவில்லை.

"அதப் பாத்துட்டு யாராச்சும் வந்தாங்களாக்கா?"

"ஒருத்தன் போன் பண்ணான்பா. சிங்கப்பூர்லேர்ந்து. முட்டை புதன்கெழமைதானான்னு கேட்டு வச்சிட்டான்."

அப்படிச் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி வைத்தார். வலைப்பூவில் நான் நிஜமாகச் சாப்பிட்ட வருமானம் அதுதான்.

பெரிய விளம்பரக் கம்பெனியின் கதை வேறு. அவர்கள் தமிழுக்கு விளம்பரம் தருவதில்லை. பின்னூட்டத்தில் ஒருவர் வழி சொன்னார்: முதலில் இங்கிலீஷில் ஒரு வலைப்பூ எழுது, அனுமதி வாங்கு, பிறகு அந்த விளம்பரத்தைத் தூக்கித் தமிழில் ஒட்டு. நான் ஐ.டி.ஐ. படித்தவன். என் இங்கிலீஷ் எல்லாம் மிஷின்மேல் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையில் கற்றது. அதை வைத்தே 'வேலையிடத்தில் கையுறை அணிவது எப்படி' என்று பத்துப் பக்கம் எழுதினேன். அனுமதி வந்துவிட்டது! ஒட்டினேன். என் தமிழுக்கு நடுவில் கனடா விசாவும் முடி உதிர்தலும் பெட்டி பெட்டியாக வந்து உட்கார்ந்தன. யாராவது அந்தப் பெட்டியைச் சொடுக்கினால் எனக்குச் சில்லறை. நூறு டாலர் சேர்ந்தால் காசோலை அனுப்புவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் அந்த அண்ணனிடமும் அவர் பேட்ச் ஆட்களிடமும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

"அமுக்குனா காசா?" என்றார் அண்ணன். "சும்மா அமுக்குனாலேயா?"

"ஆமாண்ணே. ஆனா நம்ம ஆளுக அமுக்கக் கூடாது. படிக்க வர்றவங்க தானா அமுக்கணும். நீங்க யாரும் அமுக்காதீங்க."

"சரிப்பா, சரிப்பா. நாங்க எதுக்கு அமுக்கப் போறோம்?" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் 'மொய் தவிர்க்கவும்' என்று அடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு மொய் வைக்காமல் திரும்பியவன் எவனுமில்லை. வேண்டாம் என்று சொல்வது வீட்டுக்காரன் மரியாதை, கேட்காமல் வைப்பது வந்தவன் மரியாதை. நான் சொன்னதை அவர்கள் அந்தப் பத்திரிகை வரியாகத்தான் படித்தார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து என் வலைப்பூவுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. வருகைக் கணக்கு காட்டும் பெட்டியில் எண் ஏறிக்கொண்டே போனது. பின்னூட்டம் மட்டும் இல்லை. வாயடைத்துப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி விளக்கமெல்லாம் தானாக வரும். முன்னைவிடக் கவனமாக எழுதினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் நின்று, மழைத் தண்ணீர் தேங்கிய மனைகளையும் புதிதாக எழும்பும் கொட்டகைகளையும் பார்த்தபடி, எங்கோ என்னை வாசித்துக்கொண்டிருக்கும் அத்தனை பேரோடும் மனசுக்குள் பேசிக்கொண்டு போவேன். அந்தச் சில வாரங்கள்தான் அங்கே நான் தனியாக இல்லாத வாரங்கள். பாயின் சூட்டைப் பற்றிக்கூட எழுதினேன். நேரில் வாய்விட்டுச் சொல்லவே முடியாத விஷயம். முகம் தெரியாதவர்களிடம் சொல்லச் சுலபமாக இருந்தது.

ஒரு மத்தியானம் மூலை மிஷினில் திறந்தால் பெட்டிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. கனடா இல்லை, முடி இல்லை. மின்னஞ்சலில் நாலு வரி இங்கிலீஷ். செல்லாத நோட்டு மாதிரி செல்லாத சொடுக்குகளாம். கணக்கை மூடிவிட்டோம், சேர்ந்த காசு கிடையாது, இனி விண்ணப்பிக்கவும் முடியாது. நான் ஒன்றும் செய்யவில்லையே என்று மன்றாடி எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் இலைமுன் உட்கார்ந்திருந்தேன். அந்த அண்ணன் தன் ஆட்கள் நாலைந்து பேரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பு, அந்தப் பொட்டியெல்லாம் எங்க? நேத்துப் போனா அமுக்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் வெள்ளையா இருக்கு."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "நீங்க அமுக்குனீங்களாண்ணே?"

"பின்ன? ஆளுக்கொரு மிஷின் புடிச்சு உக்காந்துருவோம்ல. இந்தா இவன் இருக்கானே, ஒரு நாளு விசாவ அமுக்கி உள்ள போயி, பேரு ஊரெல்லாம் எழுதிட்டான். கனடாவுலருந்து போன் வந்து பயந்துட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். "மொய் மாதிரி உனக்கு நாங்க செய்யிற செய்முறைப்பா அது. நீ வேணாம்னுதான் சொல்லுவ."

"அப்ப, எழுதுனதப் படிச்சீங்களா?"

"எங்க படிக்க? எல்லாம் கட்டமால்ல தெரியுது. இங்கிலீசு பொட்டி ஒண்ணுதான் தெளிவாத் தெரிஞ்சுச்சு."

நான் யாரோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தேனோ அத்தனை பேரும் இவர்கள்தான். ஓவர்டைம் முடிந்து, தூக்கத்தை விட்டு, கைக்காசைக் கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு எழுத்தும் படிக்காமல் எனக்கு மொய் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோபப்பட ஆளில்லை. அழவும் முடியவில்லை, எதிரில் ஐந்து பேர் சந்தோஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெஸ் அக்காதான் கவனித்தார். "இன்னாபா, மூஞ்சி ஏன் இப்டி கீது? கொழம்பு காரமா?"

"தமிழுக்கு விளம்பரம் நிறுத்திட்டாங்கண்ணே" என்றேன்.

அண்ணனுக்கு வந்ததே கோபம். "நம்ம கம்பெனி மாதிரித்தான் போல அதுவும். வேலைய வாங்கிட்டுக் கழட்டி விட்டுட்டான் பாரு." அந்தக் கனடா விசாக்காரன்மேலும் சேர்த்து ஒரு மூச்சுத் திட்டினார். எனக்காக ஒருவர் அவ்வளவு நேரம் திட்டி நான் கேட்டதில்லை.

அதற்கு மறுவாரம் பஸ் படியில் அவர் இறங்கவில்லை. என்னை ஏறவும் விடாமல் வழியை மறித்து நின்றார்.

"படிச்சேன்."

"என்னண்ணே?"

"அமுக்கத்தான் ஒண்ணுமில்லையே. ஒம் மூலை மிஷின்ல உக்காந்து படிச்சேன். நான் 'பரமக்குடிய விட தூரம்'னு சொல்லல அப்பு, 'பரமக்குடியவிட ரெண்டு மடங்கு தூரம்'னேன். சொன்னதச் சொன்ன மாதிரி எழுதணும்ல?"

பின்னால் நின்றவன், "யோவ், எறங்குய்யா, வீட்டுல போயி பேசு" என்று கத்தினான். வீட்டில் பேச முடியாது என்பது அவனுக்கும் தெரியும். அண்ணன் இறங்கினார். இறங்கியவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். பாயைப் பற்றியும் படித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதுவரை எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டுப் போவார். அன்றிலிருந்து விரித்தபடியே விட்டுப் போனார், தலையணையைத் தட்டி வைத்து.

அவர் பேட்ச்சை முதலில் கழற்றினார்கள். நான் வேலையில் இருந்தபோதே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். அறைக்கு வந்தேன். பாய் விரித்திருந்தது. படுத்தேன். சிமெண்டுத் தரை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதன்பின் பாய் முழுக்க என்னுடையதுதான், இரவும் பகலும். நாலைந்து பதிவு எழுதிப் பார்த்தேன். வருகைக் கணக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றது. என் பேட்ச்சும் முடிந்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சில வருஷம் கழித்து அவரிடமிருந்து போன். மகளுக்குக் காதுகுத்து. "வெறுங்கையோட வா அப்பு, அது போதும்" என்றார். வெறுங்கையோடா போக முடியும்? பந்தலில் அவரைத் தவிர ஒருவரையும் எனக்குத் தெரியாது. தனியாகச் சாப்பிட்டேன். தனியாகப் போய் மொய் மேசையில் நின்றேன். எழுதுகிறவர் நிமிராமல், "எந்த ஊரு?" என்றார். சாத்தூர் என்று வாய் எடுத்தவன், "மண்ணூர்" என்றேன்.

"அது எங்கிட்டு இருக்கு?"

"சென்னைப் பக்கம்."

மைக்கில் 'மண்ணூர்' என்று சத்தமாக வந்தது. பந்தலின் அந்தக் கடைசியில் யாருக்கோ சந்தனம் பூசிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து என்னைத் தேடினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். சந்தனம் அப்பியது.

"இன்னும் எழுதுறியா?"

"எப்பவாவது."

"அந்தப் பொட்டி? திரும்ப விட்டானா?"

இவர்கள் அமுக்கியதால்தான் மூடினார்கள் என்று அன்று சொல்லாததை இப்போதும் சொல்ல மனசு வரவில்லை. "இல்லண்ணே."

"விட்டா ஒரு போன் போடு" என்றார். பந்தலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இங்க நம்ம ஆளுக எத்தன பேரு இருக்காங்க, பாத்தேல்ல?"