குமுளி மலை ஏறும் நீலப் புள்ளி

எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் நின்று காது கொடுத்துக் கேட்பார். வெளி நடைவழியில் நான் இருந்தால் வரமாட்டார். நான் லிஃப்டில் இறங்கிய பிறகுதான் அவர் கதவு திறக்கும். பின்லாந்தில் இது மரியாதையாம். முதலில் கோபம் வந்தது. இப்போது நானும் அப்படித்தான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், என்மேல்தான் எரிச்சலாக இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்ததும் பழகுவதற்காக ஒரு மாதிரிச் செயலியைக் கொடுத்தார்கள். யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று பொதுவில் கிடக்கும் மூல நிரல். அதை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும்படி கட்டி எடுத்தால், இரண்டு போன்களும் ஒன்றையொன்று வரைபடத்தில் நீலப் புள்ளியாகப் பார்க்கும், அவ்வளவுதான். குறிப்பில் நாலைந்து வரிகள்தான். என் திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு எழுத்து. தேனியில் கல்லூரி லேபில் ஒருத்தி திரை சிவந்தால் அரை வகுப்பே நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடும். பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் வருவார்கள். இங்கே பக்கத்து மேசைக்காரரிடம், செயலி ஓடவே மாட்டேனென்கிறது என்றேன். எட்டிப் பார்த்து, "ஆமாம், அது கஷ்டம்தான்" என்று மனதாரச் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். உதவி வேண்டுமென்று வாய்விட்டுக் கேட்டால்தான் இங்கே உதவி என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தனியாகவே மல்லுக்கட்டி, ஜாவா பதிப்பை மாற்றியதும் செயலி ஓடியது. சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை.

அப்பா ஞாபகம் வந்தது. கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். அம்மா போனபிறகு வீட்டில் அவர் மட்டும்தான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததும் டாக்டர் மலைப்பாதையில் வண்டியே ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஜீப்பைப் பெரியப்பா மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருப்பதாக ஒவ்வொரு போனிலும் சொல்வார். நான் நம்பவில்லை. நான் கட்டிய செயலியை ஊர்ச் செல்போன் கடைக்கு அனுப்பி, அவர் போனில் போட வைத்தேன். என் புள்ளி அவருக்கும் அவர் புள்ளி எனக்கும் தெரியும் என்று அவரிடமும் சொல்லியிருந்தேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிறேன், அப்பாவின் புள்ளி குமுளியில் நிற்கிறது. பிறகு கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஓட்டும்போது கூப்பிடவும் பயம். அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி, கூடலூர் பஸ் ஸ்டாண்டில் புள்ளி நிற்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கூப்பிட்டு, ஏன் பொய் சொன்னீர்கள் என்று சத்தம் போட்டேன்.

அப்பா ஜீப்பை விட்டு இறங்கும் சத்தம் கேட்டது. "நான் ஓட்டல ஆத்தா. முன்னால ஓரமா உக்காந்து போயிட்டு வாரேன். வீட்ல ஒத்தையில இருக்க முடியல. வண்டியில பேச்சுச் சத்தமாச்சும் கேக்குது."

"புள்ளி தெரியும்னு தெரிஞ்சுமா போனக் கொண்டு போனீக?"

"வச்சிட்டுப் போனா நீ தேடுவியே."

அன்று ஆபீஸ் கழிப்பறையில் நின்று அழுதேன். பொய் சொல்கிறார் என்று வேவு பார்க்கப் போய், அவர் தனிமையைப் பார்த்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். இங்கே ஆளுக்கொரு ஜன்னல். பக்கத்து இருக்கையில் அவரவர் பை. பாதி வழியில் அப்பா கூப்பிட்டார். பின்னால் ஜீப் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன.

"ஓம் புள்ளி நகருதே ஆத்தா, எங்கன போற?"

"கடைக்குப்பா."

"பக்கத்துல ஆளு இருக்கா?"

பக்கத்தில் என் பைதான் இருந்தது. "இருக்காகப்பா" என்றேன்.

போனை வைத்துவிட்டு வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் இரண்டு புள்ளிகளும் ஒரே திரையில் வர, விரலால் சுருக்கிக்கொண்டே போக வேண்டியிருந்தது. குமுளி மறைந்தது. கூடலூர் மறைந்தது. நான் போய்க்கொண்டிருந்த தெருவும் மறைந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவும் நானும் சேர்ந்து தெரிந்தோம்.