அக்காவின் விரல்கள் தூங்குவதில்லை

எங்கள் தையல் கூடத்தில் என் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் பட்டனக்கா. தைத்து முடித்த சட்டைகள் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். ஒவ்வொரு பட்டனையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு திருகு திருகிப் பார்ப்பாள். ஆடினால் சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். ஆடாவிட்டால் என் இஸ்திரி மேசைக்கு வரும். அவள் கண் ஜன்னலுக்கு வெளியே ஏதோ மேகத்தில் இருக்கும். விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும்.

வேலை விட்டதும் விரலும் ஓய்ந்துவிட்டால் தேவலை. பேருந்தில் பக்கத்தில் நிற்பவரின் சட்டைக்கை, வரிசையில் முன்னால் நிற்பவரின் பை, எதில் பட்டனைக் கண்டாலும் கை போய்விடும். முறைக்கிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பது என் வேலை. ஒருகாலத்தில் ஒருவர் இவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு வீடு தேடி வந்தார். நல்ல மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டையின் நடுப் பட்டன் அக்காவின் கையோடு வந்துவிட்டது. மனிதர் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவளும் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. என் கணவர் காலமான பிறகு நான்தான் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டேன்.

அவள் இதயம் மெதுவாகிக்கொண்டே வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிடுவாள். "என்னக்கா, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று நான் கத்துவேன். கொஞ்ச நேரத்தில் தலையை உதறிக்கொண்டு வேலையைத் தொடருவாள். பிற்பாடுதான் சொன்னாள். மிஷின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கிப் போகுமாம். மேலேயிருந்து வெள்ளைத் துணி ஒன்று கூடம் முழுக்க விரிந்து, அவசரமே இல்லாமல் கீழே இறங்குமாம்.

"அவ்வளவு சுகமா இருந்துச்சுடி. அதான் யார்கிட்டயும் சொல்லல."

உயிர் போகிற காரியத்தை இப்படிச் சொல்லிக்கொள்ள இவளால்தான் முடியும். ஒருநாள் அந்தத் துணி இறங்கியபோது அவளும் சட்டைக் குவியல்மேல் சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேஸ்மேக்கர் வைத்தார். இடப்பக்கத் தோள் எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் ஒரு ஒயர். இதயம் மறந்தால் பெட்டி ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மத்தியானத் தூக்கம் அவளுக்குப் பழகிப்போனது. முன்னறையில் திரைச்சீலை காற்றுக்கு உப்பி அடங்கும். வெயில் அதன் வழியே மங்கி உள்ளே வந்து தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் படுத்துத் தினமும் ஒரே கனவைக் காண்பாள். கரை தெரியாத ஒரு சட்டை. யாருடையது என்று தெரியாது. தெரு மாதிரி நீண்ட கைகள், தட்டு அகலத்துக்குப் பட்டன்கள். செருப்பில்லாமல் துணிமேல் நடந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துக்கொண்டே போவாளாம்.

"எல்லாம் கெட்டியா இருக்குடி. அந்தக் கடைசிப் பட்டன் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. எவ்வளவு திருகினாலும் நிக்க மாட்டேங்குது."

நானும் கதை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை, மூச்சைப் பிடித்தும் நிற்கவில்லை. "உன்ன யாரோ நினைக்கிறாங்க" என்றேன். "யாரா இருந்தாலும் கொஞ்ச நேரம் மறக்கச் சொல்லு" என்றாள். அப்புறம் வயிற்றுக்கு மேலே, உள்ளுக்குள் யாரோ சுண்டுவதுபோல் துடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. அவள் கரண்டியோடு நின்று கூரையைப் பார்த்து இலேசாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மேலேயிருந்து அந்தத் துணி இறங்குகிறது என்று புரிந்துகொண்டு அவளை இழுத்து உட்காரவைத்தேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே வைத்துக் காட்டினார். ஒயர் நூல்கண்டு மாதிரி பெட்டியைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அதன் நுனி இதயத்துக்குள் இருந்த இடத்தைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து மூச்சு நரம்பைச் சுண்டியதால்தான் விக்கல்.

"இந்தப் பெட்டிய யாராவது திருப்பினீங்களா?"

"அதப் போய் யாரு டாக்டர் தொடுவா? நான் கையே வைக்கல. பயமா இருக்காதா?" என்றாள் அக்கா.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் ஒரு பட்டனைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கனவில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கடைசிப் பட்டன் எதுவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூக்கத்தில், தோலுக்கு மேலேயே பிடித்து, தினமும் அந்தப் பெட்டியைத்தான் திருகியிருக்கிறாள்.

மறுபடியும் திறந்து, புது ஒயர் போட்டு, இந்தமுறை பெட்டியைச் சதையோடு சேர்த்துத் தைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ரெட்டை நூல் போட்டீங்களா டாக்டர்?" என்பதுதான். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"உள்ள இருக்கற சதை கூடி இறுகற வரைக்கும் அவங்க கை அங்க போகவே கூடாது. மூணாவது தடவை திறந்தா கிருமி புகுந்துடும். இப்ப அந்தப் பெட்டி இல்லாம அவங்க இதயம் ஓடாது. புரியுதா?"

புரிந்தது. அந்த வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

கையுறை போட்டுவிட்டேன். தூக்கத்தில் கழற்றி எறிந்துவிட்டாள். நீளக்கைச் சட்டை போட்டு, கைநுனியை மடக்கிப் பட்டன் போட்டேன். அவளிடமா? கண்ணை மூடிக்கொண்டே அவிழ்த்துவிட்டாள். கடைசியில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நானே பக்கத்தில் படுத்து அவள் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் கை அசையவே இல்லை. பரிசோதனைக்குப் போனபோது ஒயர் வைத்த இடத்திலேயே இருந்தது. நான்தான் காவல் என்று டாக்டரம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப் போனது. கேட்டதைத் திரும்பக் கேட்டாள்.

"இப்பல்லாம் கனவு வர்றதில்லையா?"

"அதுக்கும் வயசாயிடுச்சு போல."

ஒரு மத்தியானம் எதற்கென்று தெரியாமல் எனக்கு விழிப்பு வந்தது. என் கை விரிந்து பாயில் கிடந்தது. அதில் அவள் கை இல்லை. பதறிப் போய்த் திரும்பினேன். அக்கா கண்ணை அகல விரித்து, திரைச்சீலை உப்பி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன்மேல் படுத்திருந்தாள். இரத்தம் கட்டி விரல்கள் சிவந்திருந்தன.

"நீ தூங்கலையா?"

"நீ தூங்கினதும் உன் பிடி விட்டுப் போயிடுதுடி. எழுப்ப மனசு வரல. நான் தூங்கினாத்தானே கை போகும்?"

"எப்பலேர்ந்து இப்படி?"

"நீ என் கையப் பிடிச்சுக்கிட்டுப் படுக்க ஆரம்பிச்சதுலேர்ந்துதான். உக்காந்த வாக்குல கொஞ்சம் கண்ணசருவேன். அது போதும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். நீ செத்துப் போயிடுவியோன்னு நான் பயந்துக்கிட்டிருந்தா, நீ தூங்காமலே சாகப் பாக்கறியா, மூளை இருக்கா உனக்கு என்று கத்தினேன். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவள் பதிலுக்குக் கோபப்படவில்லை.

"அன்னைக்கு வராந்தாவுல நீ அழுதத ஜன்னல் வழியா பாத்தேன். அதுவரைக்கும் எனக்குப் பெருசா எதுவும் தோணல. அந்தத் துணி வந்தா வரட்டும்னுதான் இருந்தேன். நானும் போயிட்டா உனக்கு யாரு இருக்கா சொல்லு?"

எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். தொடைக்கு அடியிலிருந்து அவள் கையை உருவி என் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"இனிமே நான் படுக்க மாட்டேன். நீ தூங்கு."

"உனக்கு முதுகு வலிக்கும்."

"வலிக்கட்டும். கண்ண மூடு."

மூடினாள். வெகுநேரம் இமைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. பிறகு அவள் வாய் இலேசாகத் திறந்தது, மூச்சு நீண்டது. செருப்பில்லாமல் எங்கோ நடந்துபோகிற முகம் அது. தூக்கத்தில் அவளை இவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. கூடத்திலிருந்து யாரோ வந்து, எப்போது வேலைக்கு வருகிறாய் என்று கேட்கக் கதவைத் தட்டினார்கள். என் பெயரைச் சொல்லியும் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தட்டுகிறவர் தட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.