பட்டாணிச் சூப்பைக் கறுப்பாக்கியது

பட்டாணிச் சூப்பைப் பச்சை மாறாமல் வைக்கவும் எனக்குத் தெரியும், கறுப்பாக்கவும் தெரியும். பச்சையாக வைக்க ஒரு சீனன் கற்றுக்கொடுத்தான். கறுப்பாக்கக் கற்றுக்கொடுத்தது என் தங்கை மாமியாரின் பிடிவாதம். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

மலாயாவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது. பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நான் துரை பங்களா அடுப்படியில் எடுபிடி வேலைக்காரி. நறுக்குவது, அரைப்பது, சட்டி தேய்ப்பது. சமைப்பவன் ஹைனான் தீவுச் சீனன், தோட்டம் முழுக்க அவனைக் குக்கி என்றுதான் கூப்பிடும். என் தங்கையை அதே தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் குடித்தனம் கீழே கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், மாமியாரோடு.

பால்மரம் இலை கொட்டித் துளிர் விடும் மாதங்களில் துரைசாணிக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிடும். அங்கே அது பனி விலகிச் செடி துளிர்க்கும் காலமாம். புதுக் காய் போட்டுச் சூப்பு வைப்பார்களாம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மரத்தில் பால் குறைந்து, லயத்து அடுப்புகளில் புகையும் குறைந்து கிடக்கிற மாதம். அந்த மாதத்தில்தான் பங்களாவில் சுடச்சுடச் சூப்பு. தைப்பிங் மலையில் விளைந்த காய் ரயிலில் கூடையாக வரும். தோலோடு பட்டாணி, விரல் தண்டிக் கேரட், வெங்காயத்தாளைப் போல, ஆனால் தடியாக ஒரு தண்டு, சாலட் இலை.

குக்கி பட்டாணித் தோலை எறிய மாட்டான். உரித்த தோலைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டுவான். அந்தத் தண்ணீர் தித்திக்கும். தடித் தண்டைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் வதக்கி, தோல் தண்ணீரை ஊற்றி, கொதி வந்தபின் பட்டாணியும் சாலட் இலையும் போடுவான். கொஞ்ச நேரக் கொதிதான். பிறகு சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து இறக்க வேண்டும். தேய்க்கிற வேலை எனக்கு. கேரட்டைத் தனியாக வேகவைத்துக் கடைசியில் மேலே தூவுவான். முக்கியமான சங்கதி, பானையை மூடக்கூடாது. "ஜாங்கான் துத்துப்" என்று மலாய் மொழியில் கத்துவான், மூடாதே என்று. மூடினால் பச்சை செத்துவிடும். ஒரு சிட்டிகை சோடா போட்டால் பச்சை நிற்கும். புளிப்பு ஒரு சொட்டு விழுந்தாலும் பச்சை போச்சு. பச்சை போனால் துரைசாணி தட்டைத் தள்ளிவிடுவாள், அவன் வாங்கும் திட்டு அப்படியே என் தலையில் இறங்கும்.

அந்த வருஷம் துளிர் விடும்போதுதான் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. பிள்ளை நன்றாக இருந்தான். தாய் நன்றாக இல்லை. பத்தியம் என்று மாமியார் அவளைப் பாயில் கிடத்தி, வெள்ளைச் சோறு, சுட்ட கருவாடு, பூண்டு, மிளகு. அவ்வளவுதான். காய் குளிர்ச்சி, கீரை குளிர்ச்சி, பயறு வாயு. தண்ணீர் கேட்டால் தொண்டையை நனைக்க ஒரு மடக்கு. நான் போய்ப் பார்த்தபோது அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. எழுந்து சுவரைப் பிடித்து நிற்பதற்குள் மூச்சு வாங்கியது. போன மழைக்காலத்தில் அதே லயத்தில் ஒருத்தி இப்படித்தான் கால் வீங்கி, மூச்சு முட்டி, கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்தாள். அவளுக்கும் பத்தியம் ஒரு நாள் தவறவில்லை என்று சாவு வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தங்கையின் காலைக் கட்டைவிரலால் அமுக்கினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"வெறும் வெள்ளைச் சோறு போட்டா இப்படித்தான் ஆகும். பட்டாணி, பயறு, கீரை குடுங்க. இப்படியே விட்டா நெஞ்சு நின்னுடும்."

"சரிங்கய்யா" என்றாள் மாமியார், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு. அவர் படி இறங்கினதும் சிரித்தாள். "டிரெசருக்கு என்ன தெரியும்? அவனா பெத்தான்?"

"அத்தை, அவரு நெஞ்சு நின்னுடும்னு சொல்லிட்டுப் போறாரு."

"நான் ஏழு பெத்தேன். நின்னுச்சா?"

"எத்தனை தங்குச்சு?"

கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டேன். ஏழில் இருந்தது இரண்டு ஆண் பிள்ளைகள். அவள் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள். "பங்களா எச்சித் தட்டு கழுவுறவ எனக்குப் பத்தியம் சொல்ல வந்துட்டா. போடி."

தங்கை புருஷன் வாசலில் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் போனேன்.

"அம்மா சொன்னா சரியா இருக்கும் அக்கா" என்றான்.

"பொண்டாட்டி செத்தா?"

கத்தியைத் தீட்டினான். அந்தக் கத்தியைப் பிடுங்கிக் காட்டில் எறியத் தோன்றியது.

மறுநாள் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு வேகவைத்த சாறு கொண்டுபோனேன். மாமியார் மூடியைத் திறந்தாள். பச்சையைப் பார்த்தாள். ருசி பார்க்கவில்லை, முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே வாசல் கால்வாயில் ஊற்றிவிட்டுக் கிண்ணத்தை என் கையில் திணித்தாள். அப்போது ஒன்று புரிந்தது. அவளுக்கு நாக்கும் மூக்கும் ஒரு பொருட்டில்லை. கண்தான் எல்லாம். பச்சையாக இருந்தால் குளிர்ச்சி. கறுப்பாக, காரமாக இருந்தால் சூடு, மருந்து.

பங்களாவுக்குப் போய்க் குக்கியிடம் பட்டாணி கேட்டேன். துரைசாணிக்கு ஒரே அளவு மணிதான் வேண்டும். பொடிசும் முற்றலும் மிஞ்சின தோலும் பின்கட்டில் குக்கி வளர்த்த வாத்துகளுக்குப் போகும்.

"அது வாத்துக்கு, தங்காச்சி" என்றான். தமிழ்ப் பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"என் தங்கச்சி சாகக் கெடக்கா."

"என் வாத்தும் சாகும்."

"வாத்துக்கு நான் கங்கோங் கீரை பறிச்சுத் தாரேன். கூடை நெறைய."

அவன் யோசித்தான். ஒரு பெண்ணின் உயிருக்கும் வாத்துக்கும் நடுவில் நின்று யோசித்தான் அந்த மனுஷன். "வெள்ளைத் தண்டா இருக்கணும்" என்றான் கடைசியில். "பாதிக் கூடைக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

மத்தியானம் பங்களா தூங்கும்போது வாய்க்கால் ஓரத்தில் முழங்கால் சேற்றில் நின்று அவன் வாத்துகளுக்குக் கீரை பறித்தேன். அதற்கு ஈடாகக் கிடைத்த பொடிப் பட்டாணி, தோல், கேரட் தலை, தடித் தண்டின் மேல்பச்சை, சாலட்டின் வெளி இலை, எல்லாவற்றையும் வைத்துச் சூப்பு வைத்தேன். அவன் கற்றுக்கொடுத்த ஒவ்வொன்றையும் தலைகீழாகச் செய்தேன். சோடா போடவில்லை. பானையை இறுக மூடினேன். காயெல்லாம் குழைகிற வரை கொதிக்கவிட்டேன். பச்சை மங்கிப் பாசி நிறத்துக்கு வந்தது. பத்தியத்துக்குப் புளி ஆகாது. ஆனால் நிறத்தைக் கொல்ல அது வேண்டும், நாக்கில் தெரியாத அளவு கரைத்து விட்டேன். மிளகு, சீரகம், ஓமம் மூன்றையும் கருக வறுத்து, பூண்டைத் தணலில் சுட்டு, எல்லாம் சேர்த்து அரைத்துக் கலக்கினேன். சல்லடையில் தேய்த்து இறக்கினபோது குட்டைச் சேறு மாதிரி இருந்தது.

குக்கி எட்டிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தால் யாரோ செத்தது போல இருந்தது. "இதை வாத்துகூடத் தின்னாது" என்றான்.

மாமியார் மூடியைத் திறந்தாள். மிளகுக் காரம் ஏறித் தும்மினாள். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"என்னாடி இது?"

"பத்திய ரசம் அத்தை. எங்க அம்மா வைக்கிறது."

"இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு. பெத்தவளுக்கு இதத்தான் குடுக்கணும்."

தங்கை மடமடவென்று குடித்தாள். வெறும் வயிற்றுக்கும் வறண்ட தொண்டைக்கும் அது எப்படிப் போனதோ, கிண்ணத்தை வழித்து நக்கினாள். தினமும் கொண்டுபோனேன். மலைக் காய் வராத நாளில் கடைப் பயற்றைக் கறுப்பாக்கினேன். மெல்லக் கால் வடிந்தது. மூச்சு வாங்குவது நின்றது. ஒரு நாள் நான் போகும்போது அவள் குழாயடியில் நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து அழுதேன். மாமியார் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "டிரெசரு பட்டாணி குடு, கீரை குடுன்னான். நான் அசையலையே. பத்தியம்தான் தூக்கி நிறுத்துச்சு." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தங்கை அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

அத்தோடு முடிந்திருந்தால் மன்னித்திருப்பேன். அடுத்த வருஷம் மரம் துளிர் விட்டபோது அந்த வீட்டு இளைய மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. அதே பாய், அதே கருவாடு. சின்னப் பெண். காலில் வீக்கம் தொடங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "தண்ணி கேக்காதே, வயிறு பெருத்துடும்" என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தவள் யார் தெரியுமா? என் தங்கை.

பங்களாவில் அன்றைக்குப் பட்டாணிச் சூப்பு. கீரைக் கூடையைக் குக்கி காலடியில் வைத்துவிட்டு, எனக்குக் கிடைத்த தோலையும் பொடியையும் போட்டுப் பச்சை மாறாமல் வைத்தேன். மூடாமல், சோடா போட்டு, துரைசாணிக்கு வைப்பது மாதிரியே. தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். இந்தத் தடவை மறைக்கப்போவதில்லை, எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

தங்கை வாசலிலேயே என்னை மறித்தாள். மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துப்போனாள்.

"என்னா அக்கா, இப்படியே கொண்டாந்துட்டே? எனக்குக் குடுத்த மாதிரி கறுப்பாக்கிக் கொண்டாந்தா என்ன?"

தூக்கைக் கீழே வைத்தேன். "ஒனக்குத் தெரியுமா?"

"பங்களாவுல எத்தனை தடவ எனக்கு அடிச்சட்டிச் சூப்பு தந்திருக்கே. பட்டாணி ருசி எனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சுமாடி அந்தப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம ஒக்காந்திருக்கே?"

"மெதுவாப் பேசு. நீ கொண்டாருவேன்னுதான் இருந்தேன். நான் வாயத் தொறந்தா இந்த வீட்டுல நான் இருக்க முடியாது. நீ கத்திட்டுப் பங்களாவுக்குப் போயிருவே. நான் எங்க போறது?"

அவளை அறைய வேண்டும் போல இருந்தது. உள்ளேயிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் குரல் கேட்டது. தண்ணீர் கேட்டாள். மாமியார் அதட்டினாள். நான் உள்ளே போய்ப் பச்சைச் சூப்பை நீட்டியிருந்தால் அது நேராகக் கால்வாய்க்குத்தான் போயிருக்கும். நியாயம் என் பக்கம் இருந்திருக்கும். அந்தப் பெண்ணின் வயிற்றில் ஒன்றும் இருந்திருக்காது.

"புளி இருக்கா?" என்றேன்.

தங்கை மடியிலிருந்து எடுத்தாள். தயாராக வைத்திருந்தாள், பாவி. கொல்லை அடுப்பில் மிளகையும் ஓமத்தையும் கருக்கினோம். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பச்சை என் கண் முன்னாலேயே செத்தது. அம்மியில் வைத்த பூண்டை மாமியார் தலையாக நினைத்து நசுக்கினேன். நான்தான் உள்ளே எடுத்துப்போனேன். சின்னப் பெண் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

மாமியார் மிச்சத்தைக் கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பாகத்தான் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் வச்சிருக்கே. நாளைக்கு உப்பக் கொறச்சுப் போடு."

"சரி அத்தை" என்றேன்.