நாலாவது இடம்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நாலு பேருக்கு ஒரு சஹன். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வரும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம்.

எனக்குப் பிறவியிலேயே வலது கையில் இரண்டு விரல்தான். நான் உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்குத் திடீரென்று போன் வரும், பிள்ளை அழும், எழுந்து போய்விடுவார். கர்ப்பிணிகளை என் அருகிலேயே விடமாட்டார்கள். வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளுமாம்! என்ன அறிவோ! கடைசியில், "உனக்குத் தனித் தட்டு எடுத்து வச்சிருக்கோம்மா" என்று சமையல்கட்டுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார்கள், ஏதோ பெரிய உபகாரம் மாதிரி. நானும் நாற்பது வயதுவரை அந்தத் தட்டில் தின்று தொலைத்தேன்.

போன வருஷம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, ஒரத்தநாட்டில் என் மகளுக்குக் கல்யாணம். சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கும் நான் சமையல்கட்டுக்குப் போனால், புகுந்த வீட்டில் என் மகள் ஆயுசுக்கும் தனித் தட்டுக்காரி மகள்தான். மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்தான். ஆனால் டீ வேறு, ஒரே தட்டு வேறு.

அவர் வந்து என் எதிரே உட்கார்ந்தார். ஒரு பக்கம் என் தங்கச்சி, மறுபக்கம் அவருடைய அக்கா. சஹன் வந்ததும் அக்கா என் கையைப் பார்த்தார்.

"இவங்களுக்கு ஒரு ஸ்பூன் குடுங்களேன், பாவம்."

"பாவமெல்லாம் இல்லைங்க, பசிதான்" என்றேன்.

உடனே அக்காவுக்கு முட்டி வலி வந்துவிட்டது. எழுந்து போனார். என் தங்கச்சிக்கு முகம் செத்துப்போனது.

பிஸ்மி சொல்லி, இருப்பதிலேயே பெரிய கறித்துண்டை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துப் பிய்த்தேன். விருந்தாளிக்குப் பிய்த்து வைப்பதுதானே மரியாதை! மாப்பிள்ளையின் உம்மா பக்கம் வைத்தேன்.

எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

"பஞ்சா வெந்திருக்கு. எலும்போட இன்னொண்ணு பிச்சுப் போடுங்க சம்பந்தி. இந்த மோதிரத்தையெல்லாம் மாட்டிக்கிட்டு எனக்குப் பிக்கவே வரல."

யா அல்லாஹ்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று பேரும் அந்தச் சோற்றில் ஒரு கை பார்த்தோம். பாதி சஹன் காலியானபோது அக்கா திரும்பி வந்து நின்றார். மண்டபம் முழுக்கச் சுற்றியிருக்கிறார். எல்லா சஹனிலும் நாலு நாலு பேர்.

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"வாங்க வாங்க, முட்டி தேவலையா? ஸ்பூன் வேணும்னா கொண்டாரச் சொல்லவா?"

மாப்பிள்ளையின் உம்மாவே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா உட்கார்ந்தார். நல்லியெலும்போடு ஒரு துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தேன். என் கையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

பிறகு கையால் எடுத்துச் சாப்பிட்டார்.