பெஞ்சில் ஒரு சீசன்

ஒரு கால்பந்து சீசனில் முக்கால்வாசி நாள் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் கோல்கீப்பர் உறை, காலில் பூட்ஸ், மேலே எவனெவனோ போட்டுக் கழற்றிய மஞ்சள் பனியன். அதை யாரும் துவைத்ததாக எனக்கு நினைவில்லை. டெக்சாஸ் வெயிலில் அதிலிருந்து எழும் நாற்றம் வீடுவரை கூடவே வரும்.

மற்ற ஆட்டக்காரர்களுக்குப் பரவாயில்லை. கடைசி இருபது நிமிஷத்துக்காவது கோச் இறக்கிவிடுவார். இரண்டாவது கோல்கீப்பருக்கு அந்தக் கதையே இல்லை. முதல் ஆள் எலும்பை உடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஊரைவிட்டே போக வேண்டும். அடுத்தவனுக்குக் கெடுதல் வந்தால்தான் நமக்கு வாழ்வு. இப்படி ஒரு வேலையில் உட்கார்ந்துகொண்டு நல்லவனாக இருப்பதாக எவனாவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பன்னிரண்டு வயதில் அம்பத்தூரிலிருந்து டெக்சாஸில் இருக்கும் சுகர் லேண்டுக்கு வந்தவன் நான். பட்டம் முடித்ததும் கிடைத்த டேட்டா வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் ஓட்டிப்போய் ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்தேன். லீக் ஏணியில் கீழே எங்கேயோ கிடக்கும் கிளப்.  மூன்றாம் நாள் அப்பா என்னோடு ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"ஒரே ஒரு சீசன் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரு மேட்ச்லயாவது நீ எறங்கி ஆடணும். இல்லன்னா பேசாம வேலைக்குப் போயிடணும். ஓகேவா?"

ஓகே என்றேன். அந்த ஒரு ஆட்டத்தில்தான் என் மொத்தப் பிழைப்பும் தொங்கிக்கொண்டிருந்தது.

பெஞ்ச் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் வேறொரு அர்த்தம் உண்டு. அமெரிக்கா வந்த புதிதில் அப்பா ஒரு கன்சல்டன்சியில் இருந்தார். ப்ராஜெக்ட் இல்லாதவனை அங்கே பெஞ்சில் இருக்கிறான் என்பார்கள். அப்பா நாலு மாதம் அப்படிக் கிடந்து, விசா போய்விடுமோ என்று செத்துப் பிழைத்தவர். அதனால் மகன் பெஞ்சில் இருக்கிறான் என்று கேட்டதும் அவருக்கு அந்த நாலு மாதம் ஞாபகம் வந்துவிட்டது. மகன் பெஞ்சில் இருப்பதைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டார்.

கோயிலில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு சமையல் கொண்டுவரும் விருந்து. ஒரு அங்கிள் சட்னிக் கையோடு என் தோளைப் பிடித்தார்.

"பெஞ்ச்ல எத்தனை மாசம் ஆச்சு தம்பி? ரெஸ்யூமே அனுப்பு, நான் ஃபார்வர்ட் பண்றேன்."

அவர் வாயிலிருந்த வடை என் சட்டையில் தெறித்தது. நான் பல்லிளித்துக்கொண்டே தாங்க்ஸ் அங்கிள் என்றேன். அந்தச் சட்டையை அப்புறம் நான் போடவே இல்லை.

எங்கள் முதல் கோல்கீப்பர் இங்கிலாந்துக்காரன். இருபத்து நாலு வயது. பதினேழு வயதில் அங்கே ஒரு கீழ்நிலைக் கிளப்பில் சேர்ந்து, மூன்று வருஷம் இரண்டாவது ஆளாகவே காலம் தள்ளியவன். அந்த மூன்று வருஷத்தில் ஆடியது நாலே ஆட்டம். மழையும் சேறுமாக இருந்த முதல் ஆட்டத்திலேயே கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் அவன் அம்மாவை அசிங்கமாகத் திட்டியிருக்கிறது. அதுவும் சொந்த ஊர்க் கூட்டம். ஒருத்தன் கடித்து மிச்சம் வைத்திருந்த இறைச்சிக் குழம்பு அடைத்த ரொட்டியை வீசி எறிய, அது கழுத்தில் பட்டு, குழம்பு முதுகில் வழிய வழிய பாதி ஆட்டம் நின்றானாம். எனக்குக் கேட்கும்போதே உடம்பு கூசியது. அவன் சொல்லிவிட்டுச் சிரித்தான்.

பெஞ்சில் இருப்பவனின் வேதனை அவனுக்குத் தெரியும் என்பதால், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் நின்று எனக்காக நாற்பது பந்து அடிப்பான். இடது பக்கம் தாவும்போது நான் கொஞ்சம் தாமதிக்கிறேன் என்று கண்டுபிடித்ததே அவன்தான். நான் நாற்பதையும் வாங்கிக்கொள்வேன். அப்புறம் காரில் உட்கார்ந்து, இவன் முட்டி ஒரு தடவை பிசகினால் என்ன என்று நினைப்பேன். தினமும் நினைத்தேன்.

சீசன் பாதி ஓடியது. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா திடீரென்று கேட்டார்: "அந்த இங்கிலீஷ் பையன் என்ன விசா?"

ஏதோ விளையாட்டு விசா என்றேன்.

"எப்ப எக்ஸ்பயர் ஆகுது?"

 எட்டு வருஷம் கிரீன் கார்டுக்காகக் காத்திருந்த மனுஷன், இன்னொருத்தனின் காலாவதி தேதியை விசாரிக்கிறார். சீ என்று இருந்தது. ஆனால் அடுத்த வாரமே, பேச்சோடு பேச்சாக, அந்தத் தேதியை அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விசா முடியப்போகிறது, கிளப் நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறது என்றான்.

அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். தோசை, சாம்பார், குருமா. கையால் சாப்பிடத் தெரியாமல் முழங்கைவரை வழியவிட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் அம்மாவைப் பார்த்து நன்றி சொன்னான். நடுவில்தான் அந்த விஷயத்தை எடுத்தான். கூடுதல் ஆவணம் கேட்டு இமிக்ரேஷனிலிருந்து கிளப்புக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம். விசா விஷயத்தில் உன் அப்பா கெட்டிக்காரர் என்று நீ சொன்னாயே, நான் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டான்.

அந்த மாதிரிக் கடிதம் அப்பாவுக்கு மூன்று முறை வந்திருக்கிறது. எந்தக் கம்பெனியையும் நம்பாதே, கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கு, கெடு தேதியைப் பார், தனியாக ஒரு வக்கீலைப் பிடி என்று ஊரில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஃபோனில் பாடம் எடுப்பவர் அவர். அன்றைக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். அதெல்லாம் எல்லோருக்கும் வருவதுதான், கிளப் பார்த்துக்கொள்ளும், நீ கவலைப்படாமல் ஆடு என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்.

அடுப்பருகே நின்ற அம்மா திரும்பினாள். "ஏங்க, அந்தப் பையனுக்குச் சரியா சொல்ல வேண்டியதுதானே? நீங்க லாயர் வெச்சீங்கல்ல?"

"நீ தோசையைப் பாரு."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று அவன் என்னைக் கேட்டான்.

இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றேன்.

வேண்டும் என்றான். நான்தான் தட்டில் போட்டேன். சாம்பாரும் ஊற்றினேன்.

கிளப் கெடு தேதியைக் கோட்டைவிட்டது. அவன் இரண்டு பெட்டிகளோடு ஊருக்குப் போனான். சீசன் முடிய நாலு வாரம் இருக்கையில் நான் கோலில் நின்றேன். அப்பா பாதிக் கோயிலையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இடது பக்கம் தாவி ஒரு பந்தைத் தட்டிவிட்டேன், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். "பையனுக்கு ப்ராஜெக்ட் கெடைச்சிருச்சு!" என்று அப்பா கத்தியது மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வெகுநேரம் முகம் கழுவினேன். என் முகத்தைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சீசனுக்கும் கிளப் என்னையே எடுத்துக்கொண்டது. அப்பாவோடு போட்ட ஒப்பந்தத்தில் ஜெயித்தாயிற்று, அவரும் வேலைப் பேச்சை விட்டுவிட்டார். ஒருநாள் கார் ஓட்டும்போது அவராகவே சொன்னார்: "அந்தப் பையன்கிட்ட அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்டா. மனசு கேக்க மாட்டேங்குது." நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து அவனிடமிருந்து செய்தி வந்தது. என் ஆட்டங்களை இணையத்தில் பார்க்கிறானாம், தாவுவதில் இப்போது தாமதமே இல்லையாம். எங்கள் கிளப்பே அவனை மறுபடி கூப்பிட்டிருக்கிறதாம். போன தடவை மாதிரி ஆகிவிடக்கூடாது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும், உன் அப்பா ஒரு தடவை பார்த்துத் தருவாரா என்று கேட்டு, விசா காகிதங்கள் எல்லாவற்றையும் இணைத்திருந்தான்.

அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். கேட்டால் இந்தத் தடவை ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் பார்த்துக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவரிடம் சொல்லவில்லை.