அம்மை விட்டுப் போன சடை

மாமல்லபுரத்தில் கடலை ஒட்டின ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் எனக்குப் பரிமாறுகிற வேலை. தொண்ணூறுகளின் கடைசி. தோளைத் தொடுகிற மாதிரி முடி வைத்திருந்தேன். முதலாளிதான் வளர்க்கச் சொன்னார்.

"வெட்டாத. இந்த மாறி முடி வெச்சவன் வந்து நின்னா வெள்ளக்காரனுக்குப் புடிக்குது. போட்டோ எடுத்துக்கினு போறான்."

பார்க்கிறவனுக்கு அழகு. சுமக்கிறவனுக்குத் தொல்லை. உப்புக் காற்று பட்டால் முடி நைலான் கயிறு மாதிரி விறைக்கும். காலையில் பாக்கெட் ஷாம்பு போட்டால், மத்தியானம் அடுப்புப் புகையும் மீன் பொரிக்கிற எண்ணெயும் ஏறிப் பிசுக்காகிவிடும். எண்ணெய் வைத்தால் மணல் ஒட்டும். வைக்காவிட்டால் சிக்கு. பார்சல் கட்டுகிற ரப்பர் பேண்டால் கட்டுவேன். கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும். ஈரத்தோடு கட்டினால் நனைந்த கோணிச் சாக்கு வாடை. பேன் வேறு. இருந்தாலும் விடிந்ததும் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து வாரிக் கட்டிக்கொண்டுதான் போவேன். வேலைக்கு அதுவும் ஒரு சட்டை மாதிரி.

ஒரு கோடையில் எனக்கு அம்மை போட்டது. எங்கள் பக்கம் அம்மை வந்தால் தலைக்கு எண்ணெய் கிடையாது, சீப்பு கிடையாது, கத்தி கிடையாது. வேப்பிலை மேல் படுக்க வேண்டும். முடி வெட்டியவனுக்கு அது ஒன்றுமில்லை. எனக்குத் தலைக்குள்ளும் கொப்புளம். உடைந்து நீர் வடிந்து, வேப்பிலைத் தூளோடு முடியில் காய்ந்தது. அரிப்புத் தாங்காமல் வேப்பங்கொத்தால் தேய்த்தேன். இன்னும் சிக்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்தபோது பின்மண்டையில் கையளவுக்கு ஓர் உருண்டை. சீப்பு உள்ளே போகவில்லை.

அம்மா தொட்டுப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது சிக்கு இல்லடா நைனா. ஆத்தா போறப்ப சடை வுட்டுட்டுப் போயிருக்கா. கத்தி கித்தி வெச்சிடாத. குடும்பம் தாங்காது."

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளியில் தெருப் பெண்கள் வந்தார்கள். மஞ்சள் பூசினார்கள். குங்குமம் வைத்தார்கள். ஒருத்தி பால் ஊற்றினாள். வெயிலில் பால் புளித்தது. ஈ மொய்த்தது. அதைத் தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அம்மா முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மனைவி தன் பாயை வாசப்படிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மனா இருந்தா மணக்கும்யா. இது நாறுது."

கடைக்குப் போனேன். முதலாளி தள்ளி நின்று பார்த்தார்.

"இன்னா இது தலையில, தேங்கா நாரு?"

"அம்மன் சடைன்றாங்க."

"இருக்கட்டும். தட்டுல வுழுந்தா நான் இன்னான்னு சொல்றது? ஞாயித்துக்கெயமக்குள்ள எடுத்துட்டு வா. இல்லன்னா வேற ஆள் போட்டுக்குறேன்."

அந்த வேலையில்தான் வீட்டில் உலை கொதித்தது.

உள்ளூர் சலூனில் உட்கார்ந்தால் அம்மாவுக்குச் செய்தி போய்விடும். பஸ் ஏறித் திருவிடந்தைக்குப் போனேன். சலூன்காரர் துணியைப் போர்த்தினார். பின்னால் முடியைத் தூக்கினார். துணியை உருவிவிட்டார்.

"எயிந்திரு அண்ணாத்த. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது."

"வெறும் சிக்குதாண்ணா."

"சிக்குக்கு எவன் மஞ்சா பூசுவான்? எயிந்திரு."

சனிக்கிழமை அம்மாவிடம் சொன்னேன். வெட்டினால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றாள். ஞாயிறு காலை மனைவி என்னைக் கொல்லையில் பலகை போட்டு உட்காரவைத்தாள். கத்தரி இறங்கவில்லை. மீன் அறுக்கிற கத்தியைக் கொண்டுவந்தாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கருவாடு அறுக்கிற மாதிரி அறுத்தாள்.

உருண்டை தரையில் விழுந்து பிளந்தது. உள்ளே கறுத்த வேப்பிலை, அம்மைப் பொருக்கு, தயிர் மாதிரி கட்டின பால், செத்த ஈக்கள். பேன் கும்பலாக நகர்ந்தது. மனைவி வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள்.

அம்மா ஓடிவந்தாள். முந்தானையில் அள்ளக் குனிந்தாள். ஒரு பேன் அவள் விரலில் ஏறியது. உதறினாள். நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் முறம் கொண்டுவந்து, துடைப்பத்தால் தள்ளி எடுத்தாள்.

"கடல்ல வுட்டுட்டு வந்துட்றேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கையை மூன்று தரம் கழுவினாள். சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அன்றே கடைக்குப் போனேன். பின்மண்டையில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது.

"இன்னாய்யா, எலி கொறிச்ச மாறி கீது" என்றார் முதலாளி. "வெளிய வராத. உள்ளயே கெட."

உள்ளே மீன் சுத்தம் செய்கிற வேலை. செதில், குடல், ரத்தம். சாயங்காலம் சோப்புப் போட்டால் போய்விடும். முடி கொஞ்சம் வளர்ந்ததும் முதலாளி கூப்பிட்டு, மறுபடி தோள் வரைக்கும் விடச் சொன்னார். நான் உள்ளேயே இருந்துக்கிறேன் என்றேன்.