அக்கா டைப் அடித்த பக்கங்கள்

போன வாரம் கடலூரில், மஞ்சக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் புதுப் பதிப்பை இறக்கினேன். அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் இறங்கிவிட்டது. அழிந்துபோன ஃபைல்களைத் தேடி எடுத்துத் தருகிற மென்பொருள் அது. எனக்கு இப்போது அதனால் ஒரு உபயோகமும் இல்லை. புதுசாக வந்திருக்கிறது என்று பார்த்ததுமே கை தானாகப் போய் அழுத்திவிட்டது. வருஷக் கணக்கான பழக்கம், சட்டென்று விடுமா?

அந்தக் காலத்தில் இதெல்லாம் இவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. நெட் சென்டரில் உட்கார்ந்து இறக்கினால் முக்கால்வாசி வந்ததும் லைன் அறுந்துவிடும். கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச லினக்ஸின் சிடி ஒட்டிக்கொண்டு வரும் மாதத்துக்காகக் காத்துக் கிடப்பேன். கிடைத்துவிட்டால் ஊரில் யார் வீட்டு கம்ப்யூட்டரையும் விட்டுவைக்க மாட்டேன். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் சாப்பாட்டை மறந்துவிட்டு அவர்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் ரப்பர் இருக்கும். மெஷினுக்கு உயிர் வரவில்லை என்றால் ரேம் என்கிற மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் நன்றாகத் தேய்த்து, மறுபடி செருக வேண்டும். கடலூர் உப்புக் காற்றுக்குப் பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். எனக்குக் கைராசி என்றார்கள். நானும் நம்பினேன், அதுதான் வினை.

கேபினெட்டைத் திறந்ததும் ஒரு வாசனை வருமே, சூடான தூசி வாசனை, அது எனக்கு எப்போதும் பஞ்சர் சொல்யூஷன் வாசனையோடு கலந்துதான் ஞாபகம் வரும். சிதம்பரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. கம்ப்யூட்டரில் தூசி அடைத்துக்கொண்டால் மாமா சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்ப்பை எடுத்துவந்து, புஸ் புஸ் என்று அடித்துச் சுத்தம் செய்துவிடுவார். அதற்கு மேல் அதில் விரல் வைக்க மாட்டார். கையெல்லாம் கிரீஸ், அவளுடையதில் பட்டுவிடும் என்பார்.

ஆமாம், அது அக்காவுடையது. அக்கா தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தாள். டைப்ரைட்டர்கள் போனபோது வேலையும் போயிற்று. முகம் வாடிக் கிடந்தவளுக்காக மாமா ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மதியம் சாப்பாடானதும் அக்கா அதன் முன்னால் உட்கார்ந்து படபடவென்று அடிப்பாள். கதையா, டைரியா, யாருக்கும் தெரியாது. மாமா எட்டிப் பார்த்தால் சட்டென்று மூடிவிட்டு, "நான் போனதுக்கு அப்புறம் படிச்சுக்குங்க" என்பாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

ஒரு ஐப்பசியில் அக்கா போய்விட்டாள். வயிற்றுவலி என்று ஆரம்பித்து ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா என்னைத் தனியாக அழைத்துப் போனார். கம்ப்யூட்டரின் மேல் அக்காவின் பழைய புடவைத் துணி போர்த்தியிருந்தது. "அவ எழுதுனதெல்லாம் இதுலதான் இருக்குது மச்சான். பொட்டி தொறக்க மாட்டேங்குது. எப்படியாவது எடுத்துக் குடு" என்றார். என் அக்காவுக்கு நான் செய்ய அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிடிக்களோடு பஸ் ஏறினேன். குடிகாடு தாண்டும்போது கெமிக்கல் ஃபேக்டரி நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலை மூடினார்கள், நான் சிடியில் கீறல் விழாமல் மடியில் வைத்துக்கொண்டேன். மெஷினில் வைரஸ் நிறைந்திருந்தது. நீலத் திரை வந்து நின்றுவிடும். லினக்ஸ் சிடியைப் போட்டு, அதன் வழியாக உள்ளே போனேன். ஒரு ஃபோல்டரில் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட ஃபைல்கள் நிறைய இருந்தன. திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டு, வைரஸ் மென்று துப்பியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். கல்யாணப் போட்டோக்களையும் பாட்டுகளையும் மட்டும் சிடியில் ஏற்றிக்கொண்டு, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். சுத்தமாக ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

"வைரஸ் எல்லாத்தையும் தின்னுடுச்சு மாமா" என்றேன். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு வரி கூடவா இல்ல?"

இல்லை என்றேன். அவர் எழுந்துபோய் எனக்கு டீ வாங்கிவந்தார்.

மூன்று வருஷம் கழித்து நெல்லிக்குப்பத்தில் ஒரு அச்சகத்துக்கு கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தேன். அவர்களுடைய கல்யாணப் பத்திரிகை ஃபைல் ஒன்றை என் மெஷினில் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடந்தன. இதையும் வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னேன். அங்கே டைப் அடிக்கிற பெண் சிரித்துவிட்டாள். "வைரஸ் இல்லண்ணே, உங்ககிட்ட இந்தத் தமிழ் ஃபாண்ட் இல்ல. போட்டா வந்துடும்." போட்டாள். தாறுமாறு முழுவதும் ஒரே நொடியில் மணமகன், மணமகள், பெற்றோர் பெயர் என்று தமிழாக நின்றது.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்தவன், அதில் தமிழில் ஒரு வரி டைப் அடித்தவன் இல்லை. எனக்கு எல்லாமே ஆங்கிலத்தில்தான். அந்த நாளில் தமிழ் ஃபாண்ட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், அது இல்லாத மெஷினில் தமிழ் தமிழாகத் தெரியாது, நான் போட்ட லினக்ஸ் சிடியில் அக்காவின் ஃபாண்ட் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்காவின் எழுத்து அவ்வளவும் முழுசாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. நான்தான் அழித்தேன்.

அதற்குப் பிறகு தேட ஆரம்பித்தேன். அழிந்த ஃபைலை மீட்க ஒரு இலவச மென்பொருள், பழைய ஃபாண்ட் எழுத்தை இன்றைய தமிழாக மாற்ற இன்னொன்று. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, சும்மா எடுத்துக்கொள் என்று வைத்திருந்தார்கள். சிதம்பரத்து மெஷினிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிவந்து ஒரு வாரம் ஓட்டினேன். குப்பை குப்பையாக வந்ததில் ஒரே ஒரு துண்டு தேறியது. அக்காவின் எழுத்து இருந்த மற்ற இடங்களில் நான் போட்ட லினக்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது. அதில் யாருமே ஆடாத ஒரு சீட்டு விளையாட்டும் இருந்தது.

சிதம்பரம் போய் மாமாவிடம் சொன்னேன். "வைரஸ் தின்னல மாமா. நான்தான் அழிச்சுட்டேன்." அவர் ஒரு சக்கரத்துக்குக் கம்பி முடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கெடச்சதப் படி" என்றார்.

படித்தேன். 'இன்று மழை. கடையிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். திட்டினேன். கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது, தம்பியை வரச் சொல்ல வேண்டும். அவன் கை பட்டால் சரியாகிவிடும். இவர் இருக்கிறாரே, இவர்'

"மேல படி மச்சான்."

"அவ்ளோதான் மாமா."

அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அதன் பிறகு நான் எப்போது போனாலும், வேறு ஏதாவது புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்று கேட்பார். வந்திருக்கும். போட்டுப் பார்ப்பேன். அவர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த வாக்கியத்தின் மீதியை அவரே பல விதமாக முடித்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை, திட்டித்தான் எழுதியிருப்பாள் என்றார். இன்னொரு தடவை, இருக்காது என்றார்.

போன தை மாதம் மாமாவும் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டிஸ்க் என்னிடம் இருக்கிறது. போன வாரம் இறக்கிய புதுப் பதிப்பையும் அதில் ஓட்டினேன். முன்னால் எதிலும் வராத ஒரு துண்டு வந்தது. தமிழாக மாற்றிப் பார்த்தால் நாலு வரி இருக்கலாம். இன்னும் மாற்றவில்லை. கேட்க வேண்டியவர் ஸ்டூலில் இல்லை.